பழுப்புக் கோடு

அம்மா மூன்றாவது முறையாகக் கேட்டபோதுதான் அசெந்தாவுக்குச் சந்தேகம் தட்டியது.

"எடி, அந்தக் கடல் படம் வந்தாச்சா?"

அசெந்தா பன்னிரண்டு வருடமாகச் சென்னையில் ஓவியங்களைச் சோதிக்கும் வேலை பார்க்கிறாள். இத்தனை வருடத்தில் அவள் வேலையைப் பற்றி அம்மா கேட்ட ஒரே கேள்வி, "ஏசி உண்டா?" என்பதுதான். அம்மா வெரோணிக்காவுக்கு ஓவியம் என்றால் கோயில் பீடத்துக்கு மேலே இருக்கும் மாதா படம். மற்றதெல்லாம் சுவரை நாசமாக்குகிற வேலை. அப்பேர்ப்பட்டவள் ஒரே வாரத்தில் மூன்று தடவை ஒரு படத்தை விசாரிக்கிறாள்.

"அப்படி ஒரு படம் வருதுன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"நீதான் சொன்ன."

"நான் சொல்லல."

"அப்ப பேப்பர்ல போட்டிருப்பான்." வெரோணிக்கா பேப்பர் படிப்பதில்லை. "வேற ஆளு பாக்கட்டும் மக்கா. ஒனக்கு எதுக்கு அந்தப் பாறையும் கடலும்? பொறந்ததுல இருந்து பாத்தது போதாதா?"

பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்துவிட்டாள்.

படம் அன்று காலையே வந்து மேசையில் கிடந்தது. இரண்டடி அகலம், ஒன்றரை அடி உயரம். வரைந்தவர் திருமலைக்கொழுந்து. பெயர், 'கல்லடித்துறை, முற்பகல்'. கிட்டத்தில் நின்றால் வெறும் சாயக் குழப்பம். காவி, ஊதா, பாசிப் பச்சை, எல்லாம் விரல் நுனி அளவுத் தீற்றல்கள். கோடு என்று ஒன்றும் கிடையாது. ஆறடி பின்னால் நகர்ந்தால் திடீரென்று பாறைகள் நனைந்து நிற்கும், நுரை ஏறும், சாரல் விட்ட இடைவெளியில் அடிக்கிற அந்தக் கள்ள வெயில் கண்ணைக் கூசும். அசெந்தா பிறந்த ஊர் அது. ஒவ்வொரு பாறைக்கும் அவளுக்குப் பெயர் தெரியும்.

நடுப்பாறையின் மேல் செங்குத்தாக ஒரு பழுப்புக் கோடு. அதன் உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு நீலப் பொட்டு. படம் முழுக்கக் கோடே இல்லாதபோது இது மட்டும் ஏன் என்று விமர்சகர்கள் இருபது வருடமாக மல்லுக்கட்டினார்கள். பட்டுப்போன மரம் என்றார் ஒருவர். மனிதனின் தனிமை என்றார் இன்னொருவர். நிலத்தைக் கடல் குத்துகிறது என்று எழுதி ஒரு ஆள் முனைவர் பட்டமே வாங்கிவிட்டான்.

படத்தின் பின்பக்கம் தேதி இருந்தது. ஆகஸ்ட் பதினான்கு. வருடமும் இருந்தது.

அசெந்தா அதை இரண்டு தடவை படித்தாள். அவள் அப்பா சேசடிமையைக் கடல் எடுத்த நாள் அது.

*

இயந்திரங்கள் நொடிக்கு நூறு ஓவியம் போட ஆரம்பித்த பிறகு எந்தப் படத்தையும் யாரும் நம்பவில்லை. அதனால் வந்ததுதான் 'கண்சாட்சி' சோதனை. இந்தப் படத்தை ஒரு மனிதன், ஓர் இடத்தில், நிஜமாகவே கண்ணால் பார்த்து வரைந்தான் என்று சான்று இல்லாவிட்டால் எந்த அருங்காட்சியகமும் வாங்காது. கருவி சாயத்தைப் படலம் படலமாகப் படிக்கும். எந்தத் தீற்றல் முதலில் விழுந்தது, அது எவ்வளவு காய்ந்த பிறகு அடுத்தது விழுந்தது, கை எந்தப் பக்கம் சாய்ந்தது, எல்லாம் சொல்லும். அதிலிருந்து பின்னோக்கிப் போய், வரைந்தவன் கண்ணுக்கு முன்னால் அன்றைக்கு என்ன இருந்ததோ அதைக் கிட்டத்தட்ட போட்டோ மாதிரி எடுத்து வைக்கும். பார்த்ததைப் பார்த்த நொடியில் அப்பிவிட்டு அடுத்ததற்குப் போகிற இந்த வகை ஓவியர்கள்தான் அதற்கு நல்ல தீனி.

உண்மை வெளியே வந்தது. கூடவே வீட்டு விஷயங்களும் வந்தன. ஊட்டியை வரைந்தே பேர் வாங்கிய ஒருவர் ஊட்டிப் பக்கமே போனதில்லை என்று தெரிந்தது. கோயம்புத்தூரில் ஒரு மனைவி, புருஷன் வரைந்த ஜன்னலுக்குள் நின்றது யார் என்று சான்றிதழைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். அந்த வழக்குக்குப் பிறகு நீதிமன்றம் ஒரு கட்டுப்பாடு போட்டது. காட்சியில் இருந்த பொருட்களைச் சான்றிதழில் எழுதலாம். ஆட்களைப் பற்றிப் படிவத்தில் கேள்வியே இருக்கக் கூடாது. மீட்டெடுத்த காட்சியைச் சோதிப்பவர் பார்த்துவிட்டு அழித்துவிட வேண்டும்.

இன்னொரு விதியும் உண்டு. ஓவியத்தோடு சொந்தத் தொடர்பு இருப்பவர் அதைச் சோதிக்கக் கூடாது. அசெந்தா அந்தக் கட்டத்தில் 'தொடர்பு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வேலை போகும் என்று தெரியும், போட்டாள்.

அவளுக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான். அவளுக்கு ஆறு வயது. மறுநாள் மாதா திருநாள். ஊரே தேர் கட்டுவதற்குக் கோயிலில் கூடிக் கிடந்தது. அப்பா மட்டும் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு கடலுக்குப் போனார். சாயங்காலம் கட்டுமரம் அடுத்த ஊர்க் கரையில் ஆளில்லாமல் ஒதுங்கியது. துடுப்பு இங்கே பாறை இடுக்கில் கிடந்தது என்று அம்மா எடுத்து வந்தாள். முந்தின நாள் திருநாளுக்காக அசெந்தா தன் நீல ரிப்பனை அந்தத் துடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தாள். முடிச்சு அப்படியே இருந்தது.

துடுப்பு தனியே வந்தால் ஆளைத் தேடாதே என்பது கல்லடித்துறையில் சொலவடை. உடல் கிடைக்காதவனுக்கு அவன் துடுப்பைப் பெட்டியில் வைத்துப் புதைப்பார்கள். சேசடிமையின் துடுப்பை ரிப்பனோடு புதைத்தார்கள். அதன் பிறகு அசெந்தா ஊரில் 'கடல் எடுத்தவனுக்க மக'. அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சு, திருநாளில் முதல் அப்பம். யாரும் கை ஓங்கமாட்டார்கள். அவள் வளர்ந்ததே அந்தப் பெயரின் மேல்தான்.

*

"உன் பெருசு ஆடுறாரு," என்றார் குணாளன்.

குணாளன் அவளுக்கு மேலதிகாரி. வாயில் எப்போதும் பாக்கு இருக்கும்.

"என்ன ஆடுறாரு?"

"கைய பாரு. எட்டு ஒம்போது செகண்டுக்கு ஒருவாட்டி மேல தூக்குது, கீழ எறங்குது. நாப்பது நிமிஷமும் அதே ஆட்டம். சரக்கு போட்டுட்டு வரஞ்சாரோ என்னவோ."

"குடிகாரன் ஆட்டத்துக்கு இவ்வளவு ஒழுங்கு இருக்காது சார்."

"அப்போ தொட்டில்ல உக்காந்து வரஞ்சாரா? ஸ்டேட்மென்ட்ல பாறை மேலன்னு எழுதிக் குடுத்துக்கீறாரே?"

அசெந்தா திரையைப் பார்த்தாள். எட்டு ஒன்பது நொடிக்கு ஒரு தூக்கல். ஆகஸ்ட் மாசத்துக் கடல் அப்படித்தான் மூச்சு விடும். அதைக் கடிகாரம் வைத்துச் சொல்ல வேண்டியதில்லை, பிறந்த ஊரில் அதைக் கேட்டுக்கொண்டேதான் தூங்கினாள்.

குணாளன் போன பிறகு அவள் காட்சியின் மேல்பகுதியை மீட்டாள். படத்தில் மேகம் மாதிரி இருந்த ஒரு வெள்ளைத் தீற்றல் மெல்ல நிமிர்ந்து கோயில் கோபுரம் ஆனது. அதற்குப் பின்னால் ஊதாப் புகை போலக் கிடந்தது ஆனைமுதுகு மலை. மலையின் நடுப்பள்ளத்துக்குள் கோபுரத்தின் சிலுவை கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

கணியம். கரையில் இரண்டு அடையாளத்தை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்து, கடலில் தான் எங்கே நிற்கிறோம் என்று மீனவன் பிடிக்கிற கணக்கு. அப்பா அவளைத் தோளில் வைத்துக்கொண்டு சொன்ன முதல் கணியமே இதுதான்: ஆனை முதுகில் சிலுவை ஏறினால் காலுக்குக் கீழே பெத்தம்மா பார். கரையிலிருந்து அரை மைல் தள்ளிக் கடலுக்கடியில் கிடக்கிற பாறைத்திட்டு அது; அந்தப் பாரின் நேர் மேலே தவிர வேறு எங்கே நின்றாலும் சிலுவை பள்ளத்துக்குள் வராது. கரைப் பாறைகளில் உட்கார்ந்தால் கோபுரமே தெரியாது, மேடு மறைத்துவிடும்.

அப்பா செத்த அன்று, அப்பா செத்த கடலில் இந்த ஆள் படகில் இருந்திருக்கிறார். இருபத்தெட்டு வருடமாகக் கரையில் இருந்தேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அசெந்தா எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள்.  

*

ஓவியரை நேரில் விசாரிப்பது சோதனையின் ஒரு பகுதி. திருமலைக்கொழுந்து திருநெல்வேலியிலிருந்து மகனோடு காரில் வந்தார். எழுபத்தாறு வயது. மகனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, உள்ளே வந்து அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீ வெரோணிக்கா மகதான? நாடி அப்படியே இருக்கு."

அவள் தன் ஊரையோ அம்மா பெயரையோ எங்கேயும் எழுதவில்லை.

"எங்கம்மாவ ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஊர்ல ஒரு மாசம் தங்கி வரஞ்சேம்லா. தெரியாதா?"

"போன வாரம் எங்கம்மாவுக்கு போன் பண்ணினது நீங்கதானா?"

அவர் மேசை விளிம்பைத் தடவினார். "படத்த விக்கது நான் இல்லம்மா. எம் மகன். ஒரு கண்காட்சியில வச்சதோட சரி, நான் பரண்லதான் போட்டு வச்சிருந்தேன். அந்தத் தாய்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருவோம்னு சொன்னேன்."

"எங்க உக்காந்து வரஞ்சீங்க?"

"பாறையிலதான். எழுதிக் குடுத்திருக்கேம்லா."

"பாறை ஆடாது சார்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"பாறையில இருந்து கோபுரமும் தெரியாது. நீங்க பெத்தம்மா பாருக்கு மேல படகுல இருந்தீங்க. நிழல வச்சுப் பாத்தா காலையில பத்தே முக்கால் மணி. அந்தக் கடல்லதான் அன்னைக்கு எங்கப்பா போனாரு. ஊரே அழுதுச்சு. நீங்க ஊர்லதான் இருந்தீங்க, ஒரு வார்த்த சொல்லல." அவள் குரல் உயரவில்லை. "எங்கப்பாவ என்ன செஞ்சீங்க?"

கிழவர் சிரித்துவிட்டார். சந்தோஷமான சிரிப்பு இல்லை, தும்மல் மாதிரி வந்து நின்றுவிட்டது.

"நான் கொலகாரன்னு நெனச்சுட்டியாக்கும். சரிதான், எவனா இருந்தாலும் அப்படித்தான் நெனப்பான். தாயீ, நான் நாலடித் தண்ணியில நிக்கப் பயந்தவன். ஒங்கப்பன் மாதிரி ஆள நான் என்ன செஞ்சிர முடியும்?"

"அப்ப சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன். ஒரு பொம்பளைக்கு வாக்குக் குடுத்திருக்கேன். இந்த வயசுல அதப் போயி ஒடைக்கணுமா?" எழுந்தார். "அன்னைக்கு நான் வரஞ்சிருக்கக் கூடாது. அப்படி ஒரு நேரத்துல பிரஷ்ஷ எடுக்கதே பாவம். ஆனா அப்படி ஒரு வெளிச்சம், கை கேக்கல."

கதவுவரை போனவர் திரும்பினார்.

"ஊரு ஒலகத்துல இருக்கவன் எல்லாம் அந்தப் பழுப்புக் கோடு என்னன்னு எங்கிட்ட கேட்டாச்சு. நீ மட்டும்தான் கேக்கல. எனக்குத்தான் வாக்கு. ஒன் மிசினுக்கு என்ன?"

*

கோட்டை மீட்கக் கருவிக்கு இருபது நிமிடம் ஆனது.

அது மரம் இல்லை. தனிமையும் இல்லை. ஏழடி நீளத் துடுப்பு, நட்டமாக நின்றது. அதில் இருந்த நீலப் பொட்டு ஒரு முடிச்சு; அரை மைல் தூரத்தில் காதுகள் தெரியவில்லை, ஆனால் அது ஆறு வயதில் அவள் கையே போட்ட முடிச்சு.

துடுப்பை இரண்டு கைகள் பிடித்திருந்தன. பாறை நிறத்திலேயே அப்பியிருந்த நாலைந்து தீற்றல்கள் ஒரு பெண்ணாகின. முகம் தெரியவில்லை. முகம் தெரிய வேண்டியதில்லை. வலது காலில் பாரத்தைப் போட்டு இடது இடுப்பைத் தளர்த்தி நிற்கிற அந்த நிற்பு, மீன் ஏலக் கூடத்தில் ஆயிரம் பெண்களுக்கு நடுவில் நின்றாலும் அவள் அம்மாதான்.

கருவி இன்னொன்றும் சொன்னது. படத்தில் முதலில் விழுந்த தீற்றல் அந்தக் கோடுதான். நாற்பது நிமிடம் கழித்துக் கடைசியாகத் தொட்டதும் அதையேதான். இடையில் கோடு ஒரு மயிரிழைகூட நகரவில்லை.

சாயங்காலம் கிடைத்ததாக அம்மா சொன்ன துடுப்பு, காலை பத்தே முக்காலுக்கே அவள் கையில் இருந்திருக்கிறது. அது எப்போது, எப்படி அவள் கைக்கு வந்தது என்று ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை. துடுப்பு தனியே வந்தால் ஆளைத் தேடக் கூடாது. தேடவில்லை.

இருபத்தெட்டு வருடமாக அசெந்தா கடலைச் சந்தேகப்பட்டாள். இரண்டு நாளாகக் கிழவரைச் சந்தேகப்பட்டாள். இப்போது சந்தேகப்பட மிச்சம் ஒரு ஆள்தான் இருந்தது.

*

வெரோணிக்கா வீட்டுக்கு முன்னால் தார்ப்பாயில் நெத்திலி காயப்போட்டு, குச்சியால் காக்கையை விரட்டிக்கொண்டிருந்தாள். மகள் பையோடு வந்து நிற்பதைப் பார்த்தும் குச்சியை வைக்கவில்லை.

"சோறு தின்னியா?"

"எங்கப்பாவ என்னம்மா செஞ்ச?"

வெரோணிக்கா ஒரு காக்கையைக் குறிபார்த்தாள். "அந்தாளு சொல்லிட்டாரா?"

"அவரு வாயத் தொறக்கல. படத்துல இருக்கு. நீ துடுப்பப் பிடிச்சிட்டு நிக்குத."

"படத்துலயா?" முதல் தடவையாக அவள் முகம் மாறியது. "பாவி மனுசன். வரஞ்சானா அத?"

கொஞ்ச நேரம் நெத்திலியைப் புரட்டினாள். பிறகு அதே வேகத்தில், மீன் விலை சொல்வது போலச் சொன்னாள்.

"கேரளாவுல, முனம்பத்துல அவனுக்கு ஒருத்தி உண்டு. பிள்ளையும் உண்டு. ஆழ்கடலுக்குப் போறேன்னு போயி அங்க கெடப்பான். கடைசியில ஒருநாள் வந்து, நான் அங்கேயே போறேன்னான். சரி, போன்னேன். ஆனா போறதுன்னா செத்துட்டுப் போன்னேன்."

"அம்மா…"

"ஓடிப்போனவனுக்க மகள இந்த ஊரு என்ன பேசும்னு ஒனக்குத் தெரியுமாடி? எனக்குத் தெரியும். எனக்க அப்பனும் ஓடிப்போனவன்தான். தண்ணி கோரப் போனா சிரிப்பாளுவ. கடல் எடுத்தவனுக்க மகன்னா எவளாவது சிரிப்பாளா? எழும்பில்லா நிப்பாளுவ. அதாக்கும் சொன்னேன். திருநாளுக்கு முந்தின நாள், பாறைப் பக்கம் ஒரு குஞ்சும் இருக்காது. நான் கெஞ்சிக் கேட்டதுக்குப் படம் வரையிறவரு அடுத்த ஊர்ல இருந்து வாடகைக்கு ஒரு படகு கொண்டு வந்தாரு. துடுப்பத் தந்துட்டு அதுல ஏறுன்னேன். தந்தான். ஆளில்லாத கட்டுமரத்த நானே சவுட்டித் தள்ளி விட்டேன். முனம்பத்துப் படகு வந்து அவன ஏத்துற வரைக்கும் பாருக்கு மேல நின்னானுவ."

"நாப்பது நிமிஷம்."

"இருக்கும்."

"வருஷா வருஷம் கல்லறையில என்ன மெழுகுதிரி ஏத்த வச்சியே. வெறும் பெட்டிக்கு!"

"வெறும் பெட்டியா? துடுப்பு உண்டே. துடுப்புக்கு ஏத்தின. அதுல பொய்யில்ல."

அசெந்தாவுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் பக்கத்து வீட்டில் கேட்கும். கத்தாமல் இருப்பதே இந்தப் பொய்யில் தானும் சேர்ந்துவிட்டதற்கு அடையாளம் என்று தோன்றியது.

"உயிரோட இருக்காரா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் பொதச்சாச்சு."

காக்கை ஒன்று தார்ப்பாய் ஓரத்தில் வந்து உட்கார்ந்தது. வெரோணிக்கா அதை விரட்டவில்லை.

"எடி. அந்தப் படத்துல எனக்க மொகம் தெரியுதா?"

"இல்ல."

"அழுதது?"

அசெந்தா அவளைப் பார்த்தாள்.

"இல்லம்மா. ஒரு கோடுதான் தெரியுது."

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டு வெரோணிக்கா குச்சியை எடுத்தாள்.

*

திங்கட்கிழமை குணாளன் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, பெருசு பாஸா ஃபெயிலா?"

"பாஸ் சார். இடத்த மட்டும் தப்பா எழுதிக் குடுத்திருக்காரு. கடல்ல இருந்து வரஞ்சது."

"பார்றா. ஏனாம்?"

"அன்னைக்கு அந்தக் கடல்ல ஒரு சாவு. நமக்கேன் வம்புன்னு மறச்சிருப்பாரு."

அவர் பாக்கை மென்றபடியே போய்விட்டார்.

அசெந்தா படிவத்தைத் திறந்தாள். வரைந்தது மனிதர்: ஆம். நேரில் கண்டு வரைந்தது: ஆம். நாள், நேரம்: ஆகஸ்ட் பதினான்கு, முற்பகல் பத்தே முக்கால். ஓவியர் இருந்த இடம்: படகு, கரையிலிருந்து அரை மைல், பெத்தம்மா பார்.

சான்றிதழ் படத்துக்குப் பக்கத்தில் தொங்கும். கல்லடித்துறையிலிருந்து யாராவது போய்ப் படிப்பார்கள். துடுப்பு என்று எழுதினால் அதையும் தேதியையும் சேர்த்துப் பார்ப்பார்கள். இந்த ஆள் படகில் போவதற்குள்ளேயே துடுப்பு கரைக்கு வந்துவிட்டதா, அப்போ சேசடிமை விடியற்காலையிலேயே போயிட்டான், பாவம், என்று கணக்குப் போடுவார்கள். சிலுவை போட்டுக்கொள்வார்கள்.

காட்சியில் இருந்த பொருட்கள் என்ற கட்டத்துக்கு வந்தாள். பாறைகள், அலை, கோயில் கோபுரம், மலை என்று எழுதினாள். கொஞ்சம் நிறுத்தி, ஒரு துடுப்பு என்று சேர்த்தாள். மீட்டெடுத்த காட்சியை விதிப்படி அழித்தாள்.

அந்தத் துடுப்பை யார் பிடித்திருந்தார்கள் என்று படிவத்தில் கேள்வி இல்லை. ஊரும் கேட்டதில்லை.